தூக்க மாத்திரைக்கு மறுவாழ்வு மையமா?

எந்த மறுவாழ்வு மையத்துக்குப் போன் போட்டாலும் எடுத்த எடுப்பில் "குடியா சார், கஞ்சாவா?" என்றுதான் கேட்கிறார்கள். ரெண்டும் இல்லைங்க, பதற்றத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, எங்கள் அக்கா எட்டு வருஷமாகச் சாப்பிடுகிறாள், அதை விட வேண்டும் என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்கிறார்கள். யோசித்துவிட்டு, "சரி சார், எல்லாத்துக்கும் ஒரே பேக்கேஜ்தான், கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். ஏ.சி. ரூமுக்கு ஒரு ரேட், பொது வார்டுக்கு ஒரு ரேட். வாட்ஸ்அப்பில் தோட்டம், யோகா ஹால், சாப்பாட்டு மெனு எல்லாம் வந்து விழுகிறது. மாத்திரையின் பெயர் என்ன, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. அந்த ஒரே பேக்கேஜ் விஷயம் அப்போது உறுத்தியது, இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான். "ஊர் பேரும் பேங்க் பேரும் போடாதே, மத்ததை எழுதிக்கோ" என்றாள்.

அக்கா கதையில் புதிதாக ஒன்றும் இல்லை, உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். ஒருநாள் ஆபீஸில் நெஞ்சு படபடவென்று அடித்து, வியர்த்துக் கொட்டி, செத்தே போய்விடுவோம் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஈ.சி.ஜி. நார்மல். "வேற ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்" என்று சொல்லி அல்பிரஸோலம் 0.25 எழுதிக் கொடுத்தார் டாக்டர். இரண்டு வாரத்துக்குத்தான். அந்த இரண்டு வாரச் சீட்டு எட்டு வருஷம் ஓடியது. நடுவில் 0.25 என்பது 0.5 ஆயிற்று, ராத்திரி மட்டும் போட்டது காலை, மதியம், ராத்திரி என்று ஆயிற்று. இந்த மருந்தெல்லாம் 2014 மார்ச்சிலிருந்து மருந்து விதிகளில் எச்1 என்ற கட்டுப்பாட்டு அட்டவணையில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது; எழுதித் தந்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆனால் தெருமுனை மெடிக்கலில் பத்து வருஷப் பழக்கம் இருந்தால் அட்டையைக் காட்டினால் போதும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சாயங்காலம் நாலு மணி ஆனால் அவளுக்குக் கை லேசாக நடுங்க ஆரம்பிக்கும், யார் பேசினாலும் எரிச்சல் வரும். வியாதி முற்றுகிறது என்று நாங்கள் நினைத்தோம், அவளும் அப்படித்தான் நினைத்தாள். அல்பிரஸோலம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய பதினொரு மணி நேரம். பல வருஷம் சாப்பிட்ட உடம்புக்கு அடுத்த வேளை வருவதற்குள்ளேயே அந்த இறக்கம் உறைக்கத் தொடங்கிவிடும். அந்த நாலு மணி நடுக்கம் வியாதியால் வந்ததைவிட மருந்து இறங்குவதால் வந்ததாகத்தான் இருந்திருக்க வேண்டும். இதை எங்களுக்கு ஒரு டாக்டர் உட்காரவைத்துச் சொன்னது ரொம்பப் பின்னால்.

அதற்கு முன்னாலேயே நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. இந்த மாத்திரை ஞாபகசக்தியைக் காலி செய்துவிடும் என்று யாரோ ஃபார்வர்டு அனுப்ப, அக்கா ஒரு வெள்ளிக்கிழமை அட்டையைத் தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். வைராக்கியக்காரி. ஞாயிற்றுக்கிழமை காலை சமையல்கட்டில் வலிப்பு வந்து விழுந்தாள். கேஷுவாலிட்டியில் வலிப்பை அடக்க லோரஸெபாம் ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மூளையில் ஒன்றுமில்லை. அங்கே இருந்த சின்ன வயசு டியூட்டி டாக்டர்தான் "ஏதாவது மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினாங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரியே மாமா முடிவெடுத்துவிட்டார், எங்காவது நல்ல இடமாகப் பார்த்து ஒரு மாதம் சேர்த்து, சுத்தமாக நிறுத்திக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று. இடம் பார்க்கிற வேலை எனக்கு.

குடிக்காகக் கட்டப்பட்டவை

நம்மூர் மையங்களைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். அவை எதற்காக வந்தனவோ அந்த வேலையைப் பல இடங்களில் நன்றாகவே செய்கிறார்கள். குடிக்குத் தன் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கியபோது, குடிப்பது ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்று சொல்வதே பெரிய விஷயமாக இருந்தது. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்க வந்த மையங்களில் பெரும்பாலானவை குடியை மனதில் வைத்துத்தான் வந்தன. முதல் வாரம் உடம்பிலிருந்து சாராயத்தை இறக்குவது, பிறகு வகுப்பு, குழுவாக உட்கார்ந்து பேசுவது, குடும்பத்துக்கு ஆலோசனை. குடிக்கு இந்த வரிசை சரி.

குடிக்கிறவர்கள் முதல் வாரத்தில் நடுங்கி வலிப்பு வந்துவிடாமல் இருக்க என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் குளோர்டயஸெப்பாக்ஸைடு, இல்லையென்றால் டயஸெபாமோ லோரஸெபாமோ. குளோர்டயஸெப்பாக்ஸைடு 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் வந்தது, ரோஷ் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்தது, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற பென்சோடயஸெபின் என்ற மருந்து வகையிலேயே முதலாவதாகச் சந்தைக்கு வந்தது. 1963இல் அதே கம்பெனியிலிருந்து வேலியம், அதாவது டயஸெபாம். அக்கா சாப்பிடும் அல்பிரஸோலம் 1980களில் வந்தது, இவற்றுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. ஆக, குடிகாரருக்கு எதைக் கொடுத்துக் குடியை இறக்குகிறார்களோ, அந்தக் குடும்பத்திடமே மாட்டிக்கொண்டவள் அக்கா. அவளுக்கு மாற்றாகக் கொடுத்து ஏழு நாளில் முடித்துவிட வேறு மருந்து கிடையாது. இதே வகை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் வழி. மூளையில் நரம்புகளின் துடிப்பை அடக்கி வைக்கிற காபா என்ற வேதிப்பொருளுக்கு இந்த மருந்து துணை நிற்கிறது. வருஷக்கணக்கில் துணை இருந்தால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. மருந்தைச் சட்டென்று எடுத்துவிட்டால் அடக்க ஆளில்லாமல் போய் நடுக்கம், தூக்கமின்மை, முன்னைவிட மோசமான பயம், சிலருக்கு வலிப்பு. மூளை தன் பங்கைத் திரும்பச் செய்ய மாதங்கள் ஆகும், நீச்சல் குளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அமெரிக்காவில் பல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆரம்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு "பத்து நாள்ல கிளீன் பண்ணிடுவோம் சார்" என்கிற வாக்குறுதியைப் பாருங்கள். ஒரு மாதம் என்றாலும் எட்டு வருஷ மாத்திரைக்கு அது ஆரம்பம்தான்.

அக்கா கேட்ட கேள்வி

சென்னைக்கு வெளியே ஒரு இடம் எங்களுக்குப் பிடித்திருந்தது. சுத்தமாக இருந்தது, பெண்களுக்குத் தனி பிளாக் இருந்தது (இது சாதாரண விஷயம் இல்லை, நான் விசாரித்த பல இடங்களில் ஆண்கள் மட்டும்தான்). மேனேஜர் ஒரு காலத்தில் தானே குடித்துச் சீரழிந்து மீண்டவர், அதை மறைக்காமல் சொன்னார், நல்ல மனுஷர் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அக்காவையும் கூட்டிப் போயிருந்தோம். மாமா பணத்தைப் பற்றிப் பேசினார், நான் டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டேன். சைக்கியாட்ரிஸ்ட் வாரம் ஒருமுறை வருவார். ராத்திரி? சிஸ்டர் இருப்பாங்க. வலிப்பு வந்தால்? பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு சார், வண்டி ரெடியா இருக்கும். முதல் மாதம் போன் கிடையாது, பார்க்க வரவும் கூடாது, அப்போதுதான் மனசு நிலைக்கும்.

அதுவரை பேசாமல் இருந்த அக்கா, "நடுவில எனக்கு ஒத்துவரலைன்னா நான் வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டாள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "அதெல்லாம் ஃபேமிலி கையெழுத்துதான் சார். பேஷன்ட் கேட்கிறாங்கன்னு விட்டா யாருமே குணமாக மாட்டாங்க" என்றார். அக்கா இன்னொரு தடவை கேட்டாள், கொஞ்சம் மெதுவாக: "ஒரு நாளைக்கு எவ்வளவு குறைப்பீங்க?" அதற்கும் அவர் என்னைப் பார்த்துத்தான், "டாக்டர் பார்த்துப்பார் சார், நீங்க கவலையே படாதீங்க" என்றார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மாமாவுக்குச் சங்கடம், அட்வான்ஸ் கொடுக்கப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். காரில் வரும்போது அவள் சொன்னது: "முப்பது வருஷமா லோன் ஃபைல் பார்க்கிறேன்டா தம்பி. வட்டி எவ்வளவுன்னு சொல்லாம கையெழுத்துக் கேட்கிறவனை நான் நம்பினதே இல்ல."

இடம் பார்க்கிற விஷயத்தில் என் மனசு திரும்பியது அங்கேதான். அதுவரை நான் கட்டடம், டாக்டர், செலவு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குடிநோயாளி குடும்பங்களில் ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்க்கிற நிலைமை வருவதும், குடும்பம்தான் எல்லாவற்றுக்கும் பேசும் என்பது பழக்கமாகிப் போனதும் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் அவர்களுக்கும் அப்படிச் சொல்லவில்லை. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பிரச்சினைகளையும் சேர்த்தே பேசுகிறது. பதினெட்டு வயது நிரம்பி, தன் சிகிச்சையைப் பற்றித் தானே முடிவெடுக்க முடிகிறவர் தானாகச் சேரலாம், போகிறேன் என்றால் விட வேண்டும். உண்மையாகவே கவலைப்படக் காரணம் இருந்தால் டாக்டர் 24 மணி நேரம் வரை நிறுத்திவைத்து மதிப்பிடலாம். முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை வேறொருவர் கேட்டுச் சேர்ப்பதற்குத் தனி நடைமுறை, இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், முதலில் அதிகபட்சம் 30 நாள். போனில் பேசவும், பார்க்க வருகிறவர்களைப் பார்க்கவும் உரிமை உண்டு. மொட்டையடிக்கக் கூடாது, சொந்தத் துணியைப் போட்டுக்கொள்ளலாம் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டியிருந்திருக்கிறது என்றால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் இப்படி ஒரு இடத்தை நடத்தவே கூடாது. பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, கூச்சப்படுகிற இடமாக இருந்தால் அதுவே நமக்குப் பதில்.

மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிய ஆஸ்பத்திரி

அதற்குப் பிறகு 14416க்குக் கூப்பிட்டேன், டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். பேசிய பெண்மணி மையம் எதையும் சொல்லவில்லை, முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் ஓ.பி.யில் காட்டுங்கள், சேர்க்க வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும் என்றார். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் நாங்கள் தேடியதெல்லாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, சென்னையில் 1794இலிருந்து இருக்கிற கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது, பெங்களூர் நிம்ஹான்ஸில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. நாங்கள் எங்கள் பக்கத்திலேயே ஒரு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம்.

அங்கே முதலில் பார்த்த டாக்டர் அரை மணி நேரம் அக்காவிடம் மட்டும்தான் பேசினார். என்ன மாத்திரை, எந்த வேளை எவ்வளவு, கடைசியாக எப்போது போட்டீங்க, வலிப்பு வந்தது நிறுத்திய எத்தனையாவது நாள், குடிப்பழக்கம் உண்டா, வலிக்கு வேறு மாத்திரை ஏதும் போடுறீங்களா, ராத்திரி குறட்டை வருமா, கல்லீரலில் பிரச்சினை உண்டா, வாழ வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா. அப்புறம் வேறு யாரும் கேட்காத ஒன்று: "முதல்ல எந்தப் பயத்துக்காக ஆரம்பிச்சீங்களோ, அந்தப் பயம் இப்ப இருக்காம்மா?" அக்கா அழுதுவிட்டாள். எட்டு வருஷத்தில் அதை யாரும் விசாரிக்கவில்லை, அதற்கு மாத்திரை அல்லாத சிகிச்சை உண்டு என்றும் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் வந்து சொன்னது இதுதான். வலிப்பு வராமல் இருந்திருந்தால் சேர்க்கவே சொல்லியிருக்க மாட்டேன், வீட்டிலிருந்தபடியே குறைத்திருக்கலாம். வலிப்பு வந்ததால் கொஞ்ச நாள் வார்டில் இருக்கட்டும். இங்கே நிறுத்த மாட்டோம், மாற்றுவோம். சீக்கிரம் இறங்கிவிடும் அல்பிரஸோலத்துக்குப் பதிலாக மெதுவாக இறங்கும் டயஸெபாம். அக்காவின் ஒரு நாள் அளவு 1.5 மில்லிகிராம் அல்பிரஸோலம், கணக்குப்படி ஏறக்குறைய 30 மில்லிகிராம் டயஸெபாமுக்குச் சமம், ஆனால் ஏட்டுக் கணக்கு ஒவ்வொரு உடம்புக்கும் மாறும், தூங்கி வழிகிறாளா, நடுங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டேதான் மாற்ற முடியும், வார்டு அதற்குத்தான். ராத்திரி வேளையை முதலில் மாற்றினார்கள், பிறகு மதியம், பிறகு காலை. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளை விடுகிறவர்களுக்கென்றே கிளினிக் நடத்திப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த வழி இது. எல்லோருக்கும் இதே வழி என்றும் கிடையாது, வயதானவர்களுக்கு டயஸெபாம் உடம்பில் தேங்கி விழவைத்துவிடும், கல்லீரல் கெட்டவர்களுக்கும் ஒத்துவராது, அவர்களுக்குச் சாப்பிடுகிற மருந்தையே பொடிப்பொடியாகக் குறைப்பார்கள் என்றார்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு மாமா கொதித்துப்போனார். "இவ்வளவு செலவு பண்ணி மாத்திரையோடதான் அனுப்புவீங்களா?" ஆமாம், மாத்திரையோடதான் அனுப்பினார்கள். கூடவே ஒரு தாள். எந்தத் தேதியில் எவ்வளவு குறைக்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் குறைப்பதை அப்படியே நிறுத்திவைக்க வேண்டும், எது வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், எல்லாம் தமிழில். எங்கள் குடும்ப டாக்டருக்குத் தனிக் கடிதம், இடையில் யாரும் பழைய மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடாமல் இருக்க. பதற்றத்துக்கு வாராவாரம் சைக்காலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்ட். என்னைக் கேட்டால் இடத்தை எடைபோட அந்தத் தாள் ஒன்று போதும். சேர்ப்பதற்கு முன்னாலேயே "வெளியே வந்த பிறகு குறைக்கிற பட்டியலை யார் எழுதுவார், யார் பார்ப்பார்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத இடத்தில் ரூம் எப்படி இருந்தால் என்ன. மாத்திரையே இல்லாமல் ஒரே மாதத்தில் அனுப்புகிறோம் என்று பெருமையாகச் சொல்கிற இடம், அக்கா மாதிரி வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு, என் கணக்கில் ஆபத்தான இடம்.

வீட்டுக்கு வந்த பிறகு நேர்க்கோடாகப் போகவில்லை. பாதி வரை சுலபமாக இறங்கியது, பிறகு ஒரு கட்டத்தில் தூக்கம் போய், காதில் ரீங்காரம், கரண்டி கீழே விழுந்தால்கூடத் தூக்கிவாரிப்போடும். ஒரு மாதம் குறைக்காமல் அதே அளவில் நிறுத்திவைத்தார் டாக்டர். மாமாதான் இப்போது தாளில் டிக் அடிக்கிறார், மாத்திரையைப் பாதியாக உடைக்க கட்டர் வாங்கி வந்தவரும் அவர்தான். இன்னும் முடியவில்லை. டயஸெபாம் 6 மில்லிகிராமில் இருக்கிறாள், கடைசிப் பகுதியை இன்னும் மெதுவாகத்தான் இறக்க வேண்டுமாம். இதைப் படித்துவிட்டு யாரும் அக்காவின் கணக்கைப் பார்த்து வீட்டில் மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம், அவளுக்கு என்ன ஆனது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் கேட்டோம், கம்பெனி மறுத்துவிட்டது. நம் பாலிசிகளில் விலக்கு 12 என்று ஒன்று இருக்கிறது, குடி, போதைப்பொருள், அடிமையாக்கும் எந்தப் பழக்கத்துக்குமான சிகிச்சைக்குப் பணம் கிடையாது. அக்காவை அதில் தள்ளிவிட்டார்கள், இங்கேயும் ஒரே பேக்கேஜ். டாக்டர் எழுதித் தந்த அளவை எழுதித் தந்தபடி சாப்பிட்டவருக்கு உடம்பு மருந்துக்குப் பழகிப்போவதையும், நிறுத்தினால் அவஸ்தைப்படுவதையும் மட்டும் வைத்துப் போதைக் கோளாறு என்று முடிவுகட்டக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாடான டி.எஸ்.எம்.-5 சொல்கிறது. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்திலும் இருக்கிறது. நான் பதில் எழுதித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, எட்டு வருஷச் சீட்டுகளில் கிடைத்ததையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி, மூன்று பக்கத்துக்குத் தானே டைப் அடித்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறாள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேனுக்குப் போகிறாளாம், அந்த மனுவும் தயாராக இருக்கிறது.